இளையோர் மறதி: ஓட்டைக் குடமா, மூடிய குடமா?

“மறந்துவிட்டேன், ஐயா.”

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் நாள் முழுதும் கேட்கும் சொற்களைக் கணக்கெடுத்தால் இத்தொடரே முதலிடம் பெறும். வீட்டுப்பாட நோட்டை மறந்தேன், அப்பாவிடம் கையெழுத்து வாங்க மறந்தேன், நேற்றுச் சொல்லிக் கொடுத்த இணைமொழியை மறந்தேன் என்று அது பல உருவில் வரும். பள்ளிக்கு வெளியிலும் நிலைமை வேறன்று. கல்லூரி மாணவன் பேருந்தில் குடையை விட்டுவிட்டு இறங்குகிறான். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளம்பெண் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு எதற்கோ சென்றுவிடுகிறாள். பார்க்கும் பெரியவர்கள், “இந்த வயதிலேயே இப்படி என்றால், எங்கள் வயதில் எப்படியோ!” என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

இவை யாவற்றையும் மறதி என்னும் ஒரே பெயரால் அழைக்கின்றோம். பெயர் ஒன்றாய் இருப்பதனால் நோயும் ஒன்றே என்று எண்ணிவிடுகின்றோம். அந்நோய்க்கு நம்மிடம் உள்ள மருந்தும் ஒன்றே: கடிந்துரை. அது பலிக்காதபோது பிள்ளைக்கு ‘மறதிக்காரன்’ என்னும் பட்டத்தைச் சூட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்கின்றோம். பத்து வயதில் சூட்டிய பட்டம் இருபது வயதிலும் எளிதில் கழல்வதில்லை. ஆகவே அப்பட்டம் எத்துணைப் பொருத்தமுடையது என்று ஆராய்வது ஆசிரியர்க்குரிய கடமையாகும்.

நன்னூற் பொதுப்பாயிரம் நாம் அனைவரும் பயின்றது. பாடம் சொல்லத் தகாதவர் இன்னார் என்று பவணந்தி முனிவர் அதில் ஒரு வரிசை கூறுகின்றார். கள்ளுண்டு களிப்பவன், சோம்பன், செருக்குடையவன், திருடன், பிணியாளன், சினத்தவன், உறங்குபவன், மந்த அறிவினன் என அவ்வரிசை நீள்கின்றது. தேடிப் பார்த்தால், மறதியுடையவன் அதில் இல்லை. ஆனால் மாணாக்கர்க்கு உவமை கூறும் இடத்தில் அவனைக் காண்கின்றோம். அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. கடைமாணாக்கர்க்குச் சொல்லப்படும் நான்கனுள் ஒன்று இல்லிக்குடம், அதாவது ஓட்டைக் குடம். மறதியுடையவனைப் பவணந்தியார் கடைநிலையில் வைத்தாரேயன்றி வாயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை.

இக்குடத்தையே சற்று நினைத்துப் பார்ப்போம். ஒரு குடத்தில் நீர் இல்லையானால் அடியில் ஓட்டை இருக்கலாம். மழை பெய்தபோது அதன் வாய் மூடியிருந்திருக்கவும் கூடும். இனி, நீர் நிறைய இருந்தும், தாகம் எடுத்த வேளையில் முகந்து தருவார் இல்லாமற் போவதும் உண்டு. மூன்றிலும் தாகம் தீராது. ஆயினும் மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. இளையோரின் அன்றாட மறதியை உளநூலார் ஆராய்ந்தவற்றைப் படிக்குங்கால், அதில் மூடிய குடமும் முகவாத குடமுமே மிகுதி என்பதும், ஓட்டைக் குடம் நாம் எண்ணும் அளவுக்கு இல்லை என்பதும் புலனாகின்றன.

கவனகம் என்னும் பெயர்

இவ்வுண்மையை நம் முன்னோர் ஒரு கலைக்கு இட்ட பெயரிலேயே காணலாம். 1907 ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களை ஒருங்கே நினைவில் வைத்துக் காட்டிச் சதாவதானி என்னும் பட்டம் பெற்றார். இத்தகைய அரங்குகளில் ஒருவர் முதுகில் பூவையோ கல்லையோ எறிவார். அதை எண்ணிக்கொள்ள வேண்டும். வேறொருவர் இடையிடையே மணி அடிப்பார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். இன்னொருவர் இலக்கணத்தில் ஐயம் வினவுவார். முடிவில் அனைத்துக்கும் விடை வரவேண்டும். பார்ப்பவர்கள் வியந்து, ‘என்ன நினைவாற்றல்!’ என்பார்கள். ஆனால் கலைக்கு இட்ட பெயர் நினைவு என்பதன்று. வடமொழியில் அவதானம் என்றாலும் தமிழில் கவனகம் என்றாலும் பொருள் ஒன்றே, கவனித்தல் என்பதாகும். நினைவின் உச்சியில் நின்றவர்கள் தம் கலைக்குக் கவனத்தின் பெயரை இட்டார்கள் என்பதை மாணவர்க்கு நினைவுப் பயிற்சி தர விரும்பும் ஆசிரியர் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

கவனம் என்பது வாயகன்ற பாத்திரமன்று. அமெரிக்க உளநூலார் ஜார்ஜ் மில்லர் 1956 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்று, மனிதன் ஒரே வேளையில் மனத்தில் ஏந்தக்கூடிய உருப்படிகள் ஏழு, அல்லது ஒன்றிரண்டு கூடக் குறைய என்று கூறிப் புகழ் பெற்றது. பின்வந்த நெல்சன் கோவன் 2001 இல் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். இவை வளர்ந்தவர்க்குரிய அளவுகள். சிறுவர்க்கு இன்னும் குறைவு. இப்பொழுது நம் வகுப்பறையை நோக்குவோம். “புத்தகத்தை மூடிவிட்டுப் பயிற்சி நோட்டை எடுத்து நாளைப் போட்டு நாற்பத்திரண்டாம் பக்கத்துக் கேள்விகளில் ஒற்றைப்படையை மட்டும் எழுதி, முடித்தவர்கள் மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போங்கள்” என்று ஒரே மூச்சில் சொல்கின்றோம். எட்டு வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடுகின்றது, நோட்டை எடுக்கின்றது, பிறகு அண்டை வீட்டுப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கின்றது. சொன்னதைக் கேளாத பிள்ளை என்று நாம் முடிவு கட்டுகின்றோம்.

இங்கிலாந்தில் சூசன் கேதர்கோல், டிரேசி அலோவே ஆகிய இருவரும் இத்தகைய பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தும் அளவு குறைந்த பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் வினவியபோது, ‘இவனுக்கு நினைவு போதாது’ என்று சொன்னவர் அரியர். ‘கவனிப்பதில்லை, கனவு காண்கிறான்’ என்றவரே மிகுதி. ஒழுக்கக் குறை என்று தோன்றியது உண்மையில் ஏந்தும் கையின் சிறுமை. கையின் அளவறிந்து கொடுத்தால் பிள்ளை வாங்கிக்கொள்ளும். இரண்டு கட்டளை சொல்லிச் சற்று நிறுத்தி, பிறகு இரண்டு சொல்வதற்குத் தனிப்பயிற்சி எதுவும் வேண்டியதில்லை.

ஓட்டையின் அளவு

ஓட்டைக் குடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஜெர்மானிய அறிஞர் எர்மன் எபிங்கௌஸ் தம்மையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றது என்று அளந்து 1885 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறுபடி படிக்கும்போது முதற்படிப்பின் உழைப்பில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதே அவர் கையாண்ட அளவுகோல். இருபது நிமிடம் சென்றபின் நூற்றுக்கு 58 பங்கு மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஒரு மாதத்தில் 21. சரிவு முதல் மணி நேரத்திலேயே மிகச் செங்குத்து. பிறகு மெல்ல மெல்லச் சமனாகின்றது. திறமையான அறிஞர் ஒருவரின் குடமே இவ்வாறு ஒழுகியது என்றால், நேற்றைய இணைமொழி இன்று போய்விட்டது என்று பிள்ளையை நோவது எப்படி?

இவ்வொழுக்கை அடைக்கும் வழியும் நன்னூலில் உண்டு. ஆசிரியர் சொல்லக் கேட்பதனால் மாணாக்கன் பெறுவது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதனால் இன்னொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கு என்று பவணந்தியார் பங்கிடுகின்றார். 2006 ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டதும் இதற்கு இசைவானதே. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டு ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். உள்ளே போட்டுக்கொண்டே இருப்பதைவிட, உள்ளிருந்து எடுத்துப் பார்ப்பதே குடத்தைக் கெட்டிப்படுத்துகின்றது.

பழகிய கையின் பிழை

இனி, அறிவில் குறைவில்லாத இளைஞர்களும் செய்யும் ஒரு வகைப் பிழையைப் பார்ப்போம். ஆங்கில உளநூலார் ஜேம்ஸ் ரீசன் ஒருநாள் தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூனை பசியால் கத்திற்று. பூனைக்குரிய உணவுப் பெட்டியைத் திறந்தார். உணவைக் கரண்டியால் அள்ளினார். தேநீர்க் கெண்டியில் இட்டார். சிரித்துவிட்டுப் போகாமல், இத்தகைய பிழைகளைப் பலரிடம் நாட்குறிப்பாக எழுதி வாங்கி ஆராயத் தலைப்பட்டார். அவர் கண்ட செய்தி சற்று எதிர்பாராதது. கைமறதிப் பிழைகள் புதிய வேலையில் நேர்வதில்லை. நன்கு பழகிய வேலையில், நன்கு பழகிய இடத்தில், மனம் வேறொன்றில் ஆழ்ந்திருக்கும்போதுதான் நேர்கின்றன. வேலை பழகப் பழகக் கவனம் அதைவிட்டு விலகிக்கொள்கின்றது. கையே தானாகச் செய்கின்றது. அன்று மட்டும் வழக்கத்தினின்று மாறிச் செய்யவேண்டியிருந்தால், கைக்கு அது தெரியாது.

ஜொகூரில் வாழ்வோர்க்கு இதனை மெய்ப்பிக்க வேறு சான்று வேண்டுவதில்லை. 2014 முதல் நம் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாய் இருந்தன. 2025 சனவரி முதல் நாளிலிருந்து சனியும் ஞாயிறும் விடுமுறையாயின. மாறுதல் முன்பே அறிவிக்கப்பட்டது, அறியாதார் இல்லை. இருந்தும் அம்மாதத்தில் ஞாயிறு காலை சீருடையோடு எழுந்து நின்ற பிள்ளைகளும், வெள்ளிக்கிழமை விடிந்தபின்னும் போர்வையை விலக்காத பெற்றோரும் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவரையேனும் நினைவு கெட்டவர் என்று கூற முடியுமா? பதினோர் ஆண்டுப் பழக்கம், அறிவைவிட விரைவாக எழுந்து நடந்தது, அவ்வளவே.

வள்ளுவர் இதை அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகின்றது. மடியின்மை அதிகாரத்தில் மறவியைக் காலந்தாழ்த்தல், சோம்பல், உறக்கம் ஆகியவற்றோடு சேர்த்துக் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலமாகச் சொல்கின்றார். அது ஒரு வகை. ஆனால் ஐம்பத்து நான்காம் அதிகாரத்துக்கு அவர் அச்சொல்லை இடவில்லை. பொச்சாவாமை என்று பெயரிட்டார். பொச்சாப்பு என்பது மகிழ்ச்சியின் மிகுதியாலும், தன் திருவும் ஆற்றலும் தந்த செருக்காலும் கடமையில் சோர்தல் என்று உரையாசிரியர் விளக்குவர். அளவிறந்த சினத்தினும் அது கொடியது என்று அதிகாரம் தொடங்குகின்றது. அரசர்க்குச் சொன்னதாயினும், ‘எனக்கு நன்றாகத் தெரியும்’ என்னும் தெம்பில் வினாத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாராத கெட்டிக்கார மாணவனுக்கும் அது பொருந்தும். சோம்பலால் வரும் மறதிக்கும் தெம்பால் வரும் மறதிக்கும் அவர் வேறு வேறு சொல் வழங்கினார். நாமோ இரண்டையும் ஒன்றாக்கி ஒரே அதட்டலில் அடக்குகின்றோம்.

பழகிய கையின் பிழை சில வேளைகளில் உயிரையே வாங்கிவிடுகின்றது. பின்னிருக்கையில் உறங்கிய குழந்தையைக் காப்பகத்தில் விட மறந்து, வாகனத்தைப் பூட்டிவிட்டு வேலைக்குச் சென்ற இளம்பெற்றோரைப் பற்றிய செய்திகள் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டு நாளிதழ்களிலும் வந்துள்ளன. படித்தவுடன், ‘பெற்ற பிள்ளையையா மறப்பார்கள்?’ என்று வசைமாரி பொழிகின்றோம். தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டயமண்ட் என்பார் இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்து கூறுவது வேறு. அன்றாடம் ஓட்டிய வழியில் வாகனம் செல்லும்போது மூளையின் பழக்கப் பகுதி பொறுப்பேற்கின்றது. அன்று வழியில் இறங்கிக் குழந்தையை விடவேண்டும் என்னும் எண்ணத்தைக் காக்கும் பகுதி அடங்கிவிடுகின்றது. குழந்தை உறங்குகிறது, ஓசையில்லை. பெற்றவர் இரவெல்லாம் விழித்தவர். அன்பின் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது அவர் முடிவு. அதனால்தான் கைப்பையையோ அலுவலக அட்டையையோ பின்னிருக்கையில் குழந்தையின் அருகே வைக்கச் சொல்கின்றார்கள். அலுவலக வாயிலில் அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. திரும்பி வந்தே தீரவேண்டும்.

வேண்டிய வேளையில் வரும் நினைவு

அந்த அட்டை செய்யும் தொழில் யாது? நடந்ததை நினைத்தல் ஒன்று. நடக்க வேண்டியதை உரிய வேளையில் நினைத்தல் மற்றொன்று. குடத்தில் நீர் இருக்க, தாகம் எடுக்கும்போது முகந்து தரும் அகப்பை இது. ‘கையெழுத்து வாங்க மறந்தேன்’ என்ற சிறுவனை, “ஆசிரியர் என்ன சொன்னார்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சொல் பிசகாமல் சொல்வான். நீர் இருந்தது. தந்தை வீட்டில் இருந்த அந்த அரைமணி நேரத்தில் அது மேலே வரவில்லை.

இங்கேதான் முதியோர் இளையோரைக் கடிந்துகொள்ளச் சிறிது உரிமை கிடைக்கின்றது. ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தால், குறித்த வேளையில் குறித்த செயலைச் செய்ய நினைப்பதில் இளையோரே வெல்கின்றார்கள். வீட்டில், அன்றாட வாழ்வின் நடுவே சோதித்தால் முதியோர் வெல்கின்றார்கள். 1982 இல் மாஸ்கோவிச் என்பார், குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்குமாறு சொல்லி அனுப்பியபோது தவறாமல் அழைத்தவர்கள் முதியவர்களே. 1999 இல் ஆஸ்திரேலியாவில் ரெண்டெல், தாம்சன் ஆகியோர் இருபது வயதினர், அறுபது வயதினர், எண்பது வயதினர் ஆகிய மூவகையாரை ஒரு வாரம் சோதித்தபோதும் இம்முரணே தோன்றியது. முதியோரின் நாள் ஒழுங்குடையது. காப்பி குடித்ததும் மாத்திரை, மாத்திரை உண்டதும் விளக்கு என்று ஒன்று மற்றொன்றை இழுத்து வருகின்றது. இளையோரின் நாளில் இழைகள் பல. அவை ஒன்றையொன்று இழுப்பதில்லை, அறுக்கின்றன. ஆகையால் இளையோரின் மறதி மூளைத்தேய்வின் முன்னறிகுறி என்று அஞ்சத் தேவையில்லை.

நம் பாட்டிமார் முந்தானையில் முடிச்சிடுவார்கள். முடிச்சு நல்ல கருவிதான். ஆனால் ‘ஏதோ ஒன்று உண்டு’ என்று சொல்லுமேயன்றி, இன்னது என்றும் இன்ன வேளை என்றும் சொல்லாது. பால்மரக் காட்டில் இதனினும் நல்ல கருவி இருந்தது. மரம் வெட்டுபவர் ஒரு காலையில் நானூறு, ஐந்நூறு மரம் வரை பார்ப்பார். எந்த மரத்தை வெட்டினோம், எதை விட்டோம் என்று அவர் மனத்தில் கணக்கு வைப்பதில்லை. வெட்டிய மரத்தில் மங்கு நிமிர்ந்திருக்கும். வெட்டாத மரத்தில் கவிழ்ந்திருக்கும். மரமே நினைவு வைத்துக்கொண்டது. ஜொகூர்த் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்று செம்பனையாகிவிட்டன. மங்கைப் பார்த்தறியாத பிள்ளைகள் பலர். ஆயினும் வேலை நடக்கும் இடத்திலேயே அடையாளத்தை வைக்கும் அந்த வழி எந்தப் பள்ளிப் பையிலும் செல்லும்.

ஜெர்மானிய அறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இதற்கு முறையான வடிவம் தந்தது. ‘செய்வேன்’ என்று உறுதி கொள்வதைவிட, ‘இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று இடத்தோடும் வேளையோடும் பிணைத்துக்கொள்வது மிகுந்த பயன் தருகின்றது. “நோட்டை மறக்காதே” என்று நூறு முறை சொல்லலாம். அந்த நூறும் பள்ளியிலேயே நின்றுவிடும். “இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் நோட்டைப் பையில் வை” என்றால், தட்டு நினைவூட்டும். பொச்சாவாமை அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், எண்ணியதை அடைதல் எளிது, அதை விடாமல் எண்ணிக்கொண்டிருக்க முடியுமானால் என்று ஒரு நிபந்தனை வைக்கின்றார். அரிய செயல் அந்த ‘ஆனால்’தான். தட்டு அதை எளிதாக்குகின்றது.

தாய்மாரின் கைப்பேசி

கைப்பேசியைக் குறை கூறாமல் இப்பொருளை முடிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கருவி மனிதனின் மூளையைக் கெடுத்துவிட்டது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல நான் ஒருப்படேன். எனினும் ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் லிண்டா எங்கெல் என்பார் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் அருங்காட்சியகத்தில் சில பொருள்களைப் பார்த்தார்கள். சிலவற்றைப் படம் எடுத்தார்கள். படம் எடுத்த பொருள்களைவிட, வெறுமனே கண்ணால் பார்த்த பொருள்களே பின்னர் நன்கு நினைவில் இருந்தன. வெண்பலகையில் எழுதியதைப் படம் எடுத்துக்கொண்டு போகும் கல்லூரி மாணவர்கள் இதைச் சிந்திக்கலாம். படம் இருக்கின்றது என்னும் நிம்மதியில் குடம் மூடிக்கொள்கின்றது.

ஆனால் தொடக்கப்பள்ளியில் நான் காணும் மாற்றம் பிள்ளையின் கைப்பேசியால் வந்ததன்று. தாயின் கைப்பேசியால் வந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு புலனக்குழு உண்டு. வீட்டுப்பாடம், நாளைக்குக் கொண்டுவர வேண்டிய பொருள், கட்டணம் யாவும் ஆசிரியரிடமிருந்து நேரே தாய்க்குச் செல்கின்றன. நல்ல ஏற்பாடு, செய்தி தவறுவதில்லை. ஆனால் செய்தியைச் சுமந்து செல்லும் வேலை பிள்ளைக்கு இல்லாமற் போயிற்று. சுமக்காத தோள் வலுப்பெறுமா?

பழைய திண்ணைப் பள்ளிகளில் இதற்கென்றே ஒரு பயிற்சி இருந்தது. மாலையில் வீட்டுக்கு அனுப்புமுன் உபாத்தியாயர் பிள்ளைகளுக்குப் பூவின் பெயர், பறவையின் பெயர், ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அதை மறவாமல் சொல்லவேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அக்காலப் பள்ளிகளைப் பற்றி எழுதியவற்றில் இவ்வழக்கத்தைக் காணலாம். எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் உரக்கச் சொல்லிப் பழகிய அப்பள்ளிகளின் பிரம்பை மீட்க யாரும் விரும்பமாட்டார்கள். அந்தப் பூவின் பெயரை மட்டும் மீட்கலாம் என்பது என் கருத்து. எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு ஆசிரியை ஒருவர் இதைச் செய்து வருகின்றார். மூன்றாம் மாதத்தில் பிள்ளைகள் தாமே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தி தனக்குச் சொன்ன பறவையை இரவு பல் துலக்கும்போது ஒருமுறை கூப்பிடுகின்றாளாம். ஒருவன் பேருந்து நிறுத்தத்தில் தன் பூவைத் தம்பிக்குச் சொல்லி, அவனைக் காவல் வைக்கின்றான். புலனக்குழுவுக்குச் செய்தி இரவு எட்டு மணிக்குத்தான் போகும்; அதற்குள் பிள்ளை தானே சொல்லிவிட்டதா என்று தாய் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வகுப்பில் ஏற்பட்டுள்ள உடன்பாடு.

உறக்கத்தைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. பகலில் கற்றது இரவு உறக்கத்தில்தான் நிலைபெறுகின்றது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், பதின்ம வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 இல் வகுத்தது. ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் விடியுமுன் புறப்படுகின்றார்கள். நான்கு மணிக்கு எழுப்பிப் பாட்டி வீட்டில் விடப்படும் பிள்ளை, ஏழரை மணி வகுப்பில் மூடிய குடமாக அமர்ந்திருப்பதில் வியப்பில்லை. அதன் தலைக்கு மேலே பெய்யும் மழை எவ்வளவு நல்ல மழையானாலும் என்ன?

மறதியே அல்லாதவை

ஆசிரியர்கள் மிகவும் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்று எஞ்சியுள்ளது. மறதி போலவும் பராமுகம் போலவும் தோன்றி, உண்மையில் மருத்துவரிடம் காட்டவேண்டியனவாய் இருப்பவை சில உண்டு. சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேள்வி மந்தமாகலாம். ஒருநாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் கேளாது. ஆதலால் வேண்டுமென்றே செய்வது போல் தோன்றும். கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாடு என்பது ஓடியாடும் சிறுவர்க்கே உரியது என்று எண்ணுகின்றோம். ஓடாமல், பேசாமல், சன்னலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சிறுமியர்க்கும் அது இருக்கக்கூடும். அவர்கள் தொல்லை தருவதில்லை. அதனாலேயே பல ஆண்டுகள் கண்ணில் படுவதில்லை.

இவற்றினும் எளிதில் தவறிப்போவது ஒரு வகை வலிப்பு. கைகால் உதறாது, கீழே விழச் செய்யாது. பெரும்பாலும் நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தோன்றும். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நடுவில் நிற்கும்; கண் நிலைகுத்தும்; இமை சற்றுத் துடிக்கலாம். பத்து நொடியில் எல்லாம் முடிந்து, ஒன்றுமே நடவாதது போல் பிள்ளை விட்ட இடத்தில் தொடரும். இது ஒரு நாளில் பல முறை, பத்துக்கணக்கில் கூட வரும். ஒவ்வொரு முறையும் பாடத்தில் ஒரு துண்டு காணாமற் போகின்றது. எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் படித்த சிறுமி ஒருத்தி செய்யுள் ஒப்புவிக்கும்போது எப்பொழுதும் இடையில் நிற்பாள். மறந்துவிட்டாள் என்றே வகுப்பு முழுவதும் நகைக்கும். புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர்தாம், அவள் தெரியாத அடியில் நிற்கவில்லை, நன்கு தெரிந்த அடியின் நடுவில், சொல்லின் பாதியில் நிற்கிறாள் என்பதைக் கண்டார். மூளை மின்னலைப் பதிவு எடுத்துப் பார்த்த மருத்துவர் அதனை உறுதி செய்தார். இவ்வலிப்புக்கு நல்ல மருந்துகள் உள்ளன. வளர வளரப் பலர்க்கு நின்றும் விடுகின்றது. அச்சிறுமி இப்பொழுது ஐந்தாம் ஆண்டில் படிக்கின்றாள்.

கனவு காணும் பிள்ளையையும் இப்பிள்ளையையும் வேறுபடுத்த ஓர் எளிய வழி உண்டு. பெயர் சொல்லித் தோளைத் தொட்டால் கனவு காண்பவன் திரும்பிவிடுவான். வலிப்பு வந்த பிள்ளை திரும்பாது. கனவு, பாடம் சலிக்கும்போது வரும். வலிப்பு, விளையாடும்போதும் உண்ணும்போதும் வரும். ஐயம் தோன்றினால், வகுப்பில் எவர் முன்னும் பேசாமல் பெற்றோரை அழைத்துச் சொல்லுதல் வேண்டும். மருத்துவரிடம் செல்லும் அவர்கள் கையில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருக்கட்டும்: எந்த நாள், எத்தனை மணி, பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை நொடி நின்றது, அழைத்தபோது திரும்பியதா இல்லையா. வீட்டில் அது நேரும்போது கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால் மருத்துவர்க்கு அது பெரிதும் உதவும்.